அத்தியாயம் 7: கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் எழாவிட்டால்

காலை 9.30 மணி. பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, கம்ப்யூட்டர் ஆன் ஆவுது, ஆனா உள்ள போவ மாட்டேங்குது. கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்தா வந்து அப்படியே நிக்குது. கடைசில பேனிக்னு ஏதோ போட்டிருக்கு. வெளிய ஆளுங்க நிக்கிறாங்க. சர்வீஸ் பண்ற பையன் ஃபார்மட் அடிச்சுடலாங்கிறான்."

"ஃபார்மட் மட்டும் வேண்டாங்கக்கா. அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. நீங்களே கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருங்க, நான் சொல்றேன்."

எட்டு நிமிடத்தில் அந்தக் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. அந்த எட்டு நிமிடத்தில் அந்த அக்கா செய்ததைத்தான் இந்த அத்தியாயத்தில் விரிவாகச் சொல்கிறேன். நீங்களும் தனியாக உட்கார்ந்து செய்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு எழாத லினக்ஸ் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபைல்கள் அநேகமாக எப்போதும் பத்திரமாகவே இருக்கும். பழைய கெர்னலும் பெரும்பாலும் அதே டிஸ்கில் இருக்கும். அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்கும் கைதான் அவற்றை அழிக்கிறது. நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை அப்படி நேர்ந்தவை.

கட்டளைகளை எப்படிப் படிப்பது

கட்டளைகளை போனில் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். எல்லாமே ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டியவை. 'ஸ்பேஸ்' என்றால் ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டுங்கள். 'ஹைபன்' என்றால் சிறு கோடு. 'சாய்கோடு' என்பது கேள்விக்குறி இருக்கும் விசையில் உள்ளது. என்டர் விசைக்கு மேலே எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று இருக்கும், அது வேறு. அடிக்கடி வரும் சொற்களின் எழுத்துகள் இவை:

- சூடோ: எஸ், யு, டி, ஓ
- ஏபிடி: ஏ, பி, டி
- டிபிகேஜி: டி, பி, கே, ஜி
- க்ரப்: ஜி, ஆர், யு, பி
- இனிட்ராம்எஃப்எஸ்: ஐ, என், ஐ, டி, ஆர், ஏ, எம், எஃப், எஸ்

ஏபிடியின் நடு எழுத்து 'பென்'னுக்கு வரும் பி. க்ரப்பின் கடைசி எழுத்து 'பஸ்'ஸுக்கு வரும் பி. சூடோ, டிபிகேஜி இரண்டிலும் 'டோர்'ருக்கு வரும் டி. ஏபிடி, இனிட்ராம்எஃப்எஸ் இரண்டிலும் 'டேபிள்'ளுக்கு வரும் டி. போனில் சொல்லும்போது ஆளுக்கு ஆள் தவறுவது இந்த இடத்தில்தான்.

இவை உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன், பாஸ் லினக்ஸ் ஆகியவற்றுக்குப் பொருந்தும். ஃபெடோரா வைத்திருப்பவர்களுக்கும் படி 1 உதவும், ஆனால் கெர்னல்கள் க்ரப்பின் முதல் மெனுவிலேயே இருக்கும். பழுது பார்க்கும் கட்டளைகளும் வேறு.

கையை வைப்பதற்கு முன்

1. ஸ்கிரீனில் நிற்பதைச் செல்போனில் படம் எடுங்கள். கடைசிப் பத்து வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.
2. பென் டிரைவ், பிரின்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி என யுஎஸ்பியில் செருகியவை அனைத்தையும் கழற்றுங்கள். கீபோர்டும் மவுஸும் போதும். செருகியே கிடந்த பென் டிரைவிலிருந்து எழப் பார்த்து நின்றுபோன கம்ப்யூட்டர்கள் உண்டு.
3. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகுங்கள். டெஸ்க்டாப்பை யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். யுபிஎஸ் இல்லாமல், காற்றும் மழையுமாக இருக்கும் சாயங்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பாதியில் கரண்ட் போனால் ஒரு பழுது இரண்டாகும்.
4. பவர் பட்டனை அழுத்தி அழுத்தி அணைத்துப் போடுவதை நிறுத்துங்கள். ஸ்கிரீன் உறைந்திருந்தால் ஆல்ட் விசையையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்தபடியே எஸ், யு, பி ('பஸ்'ஸின் பி) என்று இரண்டு விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எழுத வேண்டியதை டிஸ்கில் எழுதிவிட்டு, டிஸ்கைப் பூட்டிவிட்டு, மறுபடி எழும். இதற்கும் அசையாவிட்டால் மட்டும் பவர் பட்டன்.

என்ன நடந்திருக்கிறது

லினக்ஸ் எழ இரண்டு ஃபைல்கள் வேண்டும். ஒன்று கெர்னல். அதன் பெயர் விஎம்லினஸ் என்று தொடங்கும். மற்றொன்று இனிட்ஆர்டி. அதைச் சாவிக்கொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கைத் திறக்கத் தேவையான டிரைவர்கள் அதில் இருக்கின்றன. சாவிக்கொத்து இல்லாவிட்டாலோ, பாதிதான் இருந்தாலோ, கெர்னல் வாசல் வரை வந்து வீட்டுக்குள் போக முடியாமல் நின்றுவிடும். பேனிக் என்று வருவது பெரும்பாலும் அதனால்தான்.

அப்டேட் நடக்கும்போது புதிய ஜோடி ஒன்று சேர்கிறது. பழைய ஜோடியைச் சிஸ்டம் உடனே தூக்கிப் போடுவதில்லை. உங்கள் படங்கள், கணக்குகள், ஸ்கேன் செய்தவை எல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டருக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

"நான் எதையும் அப்டேட் பண்ணலையே" என்று பலரும் சொல்வார்கள். உண்மைதான். உபுண்டு பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகவே போட்டுக்கொள்ளும். கெர்னலும் அதில் வரும். ஆனால் புதிய கெர்னல் அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் வேலைக்கு வருகிறது. மூடியை மட்டும் மூடி மூடித் திறக்கும் லேப்டாப்பில் இரண்டு வாரத்துக்கு முன் வந்த கெர்னல் இன்றைக்குத்தான் முதல்முறையாக ஓடிப் பார்க்கும். அதனால் நேற்று என்ன செய்தோம் என்று மூளையைக் கசக்க வேண்டாம்.

படி 1: பழைய கெர்னலில் எழுப்புங்கள்

1. கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, பத்து விநாடி விட்டு, ஆன் செய்யுங்கள்.
2. கம்பெனி லோகோ வந்து மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் வகைக் கம்ப்யூட்டர் என்றால் ஆன் செய்ததிலிருந்து ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே இருங்கள். எது என்று தெரியாவிட்டால் இரண்டையும் ஒவ்வொரு முறை முயன்று பாருங்கள்.
3. க்ரப் மெனு வரும். இரண்டாவது வரியில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும். கீழ் அம்புக்குறியால் அதற்குப் போய் என்டர் தட்டுங்கள்.
4. கெர்னல்களின் பட்டியல் தெரியும். ஒவ்வொன்றும் இரண்டு முறை இருக்கும்: ஒன்று சாதாரணமாக, இன்னொன்று 'ரிக்கவரி மோட்' என்ற ஒட்டுடன். மேலே இருக்கும் ஜோடி புதியது. அதற்கு அடுத்த எண்ணில், ரிக்கவரி இல்லாத வரியைத் தேர்ந்து என்டர் தட்டுங்கள்.
5. இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இன்னும் கொஞ்சம் ஆகலாம்.

பெரும்பாலானவர்களுக்கு இத்துடன் வழக்கமான திரை வந்துவிடும். கடை நேரம் என்றால் அன்றைய வேலையைப் பாருங்கள். மீதியைக் கடை சாத்திய பிறகு நிதானமாகச் செய்யலாம். ரீஸ்டார்ட் மட்டும் செய்ய வேண்டாம். செய்தால் இதே மெனு வழியாகத்தான் மறுபடி வர வேண்டியிருக்கும்.

அடிக்கடி நேரும் தவறு: எஸ்கேப்பைப் படபடவென்று பலமுறை தட்டினால் மெனுவையும் தாண்டிப்போய், வெறும் 'க்ரப்' என்று எழுதிய கருப்புத் திரையில் கொண்டுபோய் விடும். பயப்பட வேண்டாம். 'நார்மல்' என்று அடித்து என்டர் தட்டி, உடனே எஸ்கேப்பை ஒரே ஒருமுறை தட்டுங்கள். மெனு திரும்பி வரும்.

2018 ஜனவரியில் உலகம் முழுவதும் பலர் இப்படிப் பழைய கெர்னலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டைகளை அடைக்க அவசரமாக வெளியான கெர்னல்களில் ஒன்று, உபுண்டு 16.04-க்கான 4.4.0-108. அதைப் போட்ட பலருடைய கம்ப்யூட்டர்கள் எழவே இல்லை. உபுண்டு உடனே 4.4.0-109-ஐ வெளியிட்டது. ஆனால் எழாத கம்ப்யூட்டரில் புதிய அப்டேட்டை எப்படிப் போடுவது? பழைய கெர்னலில் எழுப்பி, அங்கிருந்து போட்டார்கள். கெர்னலைச் செய்கிறவர்களே தவறு செய்த நாளிலும் கைகொடுத்தது இந்த மெனுதான்.

பழைய கெர்னலும் எழாவிட்டால்

பட்டியலில் உள்ள எந்தக் கெர்னலும் எழவில்லையா? அப்படியானால் கெர்னல் மேல் பழி போடாதீர்கள். வேறு இடத்தில் தேட வேண்டும்.

நம் ஊர்களில் இதற்கு நான் அதிகம் பார்த்த காரணம், மதர்போர்டில் இருக்கும் காசு அளவிலான பட்டன் பேட்டரி செத்துப்போவது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் முதன்முதலில் பார்த்த லினக்ஸ் அது. பென்னாகரம், அரூர் பக்கம் சில வீடுகளில் அக்கா வாங்கிய லேப்டாப்பைத் தம்பி இன்னும் வைத்திருக்கிறான். அந்த வயதுடைய கம்ப்யூட்டர்களில் பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். டிஸ்கில் கடைசியாக எழுதிய நேரம் எதிர்காலத்தில் இருப்பதாகச் சொல்லிச் சோதனை நின்றுவிடும். டிஸ்கைப் படிக்கும் முறையும் பயாஸில் பழைய நிலைக்கு மாறிவிடலாம்.

பயாஸ் உள்ளே போங்கள். கம்பெனியைப் பொறுத்து எஃப்2, எஃப்10 அல்லது டெலிட் விசை. தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். தவறாக இருந்தால் திருத்திவிட்டு, சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று இருக்கிறதா, பூட் முறை முன்பிருந்தபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். டெஸ்க்டாப்பில் அந்தப் பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். கரண்டைத் துண்டித்துவிட்டு மாற்றுங்கள். லேப்டாப்பைத் திறந்து பழக்கமில்லை என்றால் அதை மட்டும் சர்வீஸ் கடையில் கொடுங்கள். "பேட்டரி மட்டும் மாத்துங்க, டிஸ்கைத் தொடாதீங்க" என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுப்பது நல்லது.

படி 2: எது உடைந்தது என்று பாருங்கள்

பழைய கெர்னலில் எழுந்தவர்கள் இங்கே தொடரலாம். கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் திறக்கும். முதல் கட்டளை:

யுநேம் ஸ்பேஸ் ஹைபன் ஆர்

(யுநேம் என்பது யு, என், ஏ, எம், இ.) இப்போது ஓடும் கெர்னலின் முழு எண் வரும். அதை ஒரு தாளில் எழுதி வட்டம் போடுங்கள். கடைசி வரை இந்த எண்ணைத் தொடக் கூடாது. உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதுதான்.

அடுத்தது:

எல்எஸ் ஸ்பேஸ் ஹைபன் எல்ஹெச் ஸ்பேஸ் சாய்கோடு பூட்

பூட் ஃபோல்டரில் உள்ளவை அளவோடு வரிசையாக வரும். விஎம்லினஸ் என்று தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் அதே எண்ணுடன் ஒரு இனிட்ஆர்டி வரி இருக்க வேண்டும். அளவைக் கூர்ந்து பாருங்கள்.

பாலக்கோட்டு அக்காவை ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொன்னேன். பழைய எண்ணுக்கு விஎம்லினஸ் இருந்தது. இனிட்ஆர்டி சுமார் 70 எம்பி. புதிய எண்ணுக்கும் விஎம்லினஸ் சரியாக இருந்தது. அதன் இனிட்ஆர்டி வரிக்கு வந்ததும், "தம்பி, இதுல வெறும் சைபர்தான் இருக்கு" என்றார். அங்கேயே விடை கிடைத்துவிட்டது. முந்தைய நாள் சாயங்காலம் அப்டேட் முடிந்ததாகத் திரையில் வந்த மறு நிமிடமே கரண்ட் போயிருக்கிறது. அந்த டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லை. ஃபைலின் பெயர் டிஸ்கில் ஏறிவிட்டது, உள்ளடக்கம் ஏறுவதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. முடிந்தது என்று திரை சொல்வதற்கும் டிஸ்க் உண்மையிலேயே எழுதி முடிப்பதற்கும் இடையில் சில விநாடிகள் உண்டு.

மூன்றாவது:

டிஎஃப் ஸ்பேஸ் ஹைபன் ஹெச்

எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் மீதி என்று காட்டும். சாய்கோடு பூட் என்று தனி வரி இருந்து, அது 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பியிருந்தால் காரணம் அதுதான்.

படி 3: சரிசெய்யுங்கள்

இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

1. பாதியில் நின்ற நிறுவலை முடிக்க:

சூடோ ஸ்பேஸ் டிபிகேஜி ஸ்பேஸ் ஹைபன் ஹைபன் கான்ஃபிகர் ஸ்பேஸ் ஹைபன் ஏ

பாஸ்வேர்டு கேட்கும். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அடித்து என்டர் தட்டுங்கள், ஏற்றுக்கொள்ளும்.

2. விட்டுப்போன துணைப் பொதிகளைச் சேர்க்க:

சூடோ ஸ்பேஸ் ஏபிடி ஸ்பேஸ் ஹைபன் ஹைபன் ஃபிக்ஸ் ஹைபன் ப்ரோக்கன் ஸ்பேஸ் இன்ஸ்டால்

3. புதிய கெர்னலின் சாவிக்கொத்தை மறுபடி செய்ய:

சூடோ ஸ்பேஸ் அப்டேட் ஹைபன் இனிட்ராம்எஃப்எஸ் ஸ்பேஸ் ஹைபன் யு ஸ்பேஸ் ஹைபன் கே ஸ்பேஸ் புதிய கெர்னலின் முழு எண்

எண் என்றால் 'ஜெனரிக்' என்ற ஒட்டும் சேர்த்துத்தான். விஎம்லினஸ் என்பதற்கு அடுத்த ஹைபனுக்குப் பின்னால் இருப்பதை அப்படியே எழுத்து மாறாமல் அடியுங்கள். இனிட்ஆர்டி வரியே காணோம் என்றால் ஹைபன் யு-வுக்குப் பதில் ஹைபன் சி.

பல இடங்களில் இந்தக் கட்டளையை எண்ணுக்குப் பதில் 'ஆல்' என்று போட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் அதைச் சொல்லமாட்டேன். 'ஆல்' போட்டால் நன்றாக இருக்கும் பழைய சாவிக்கொத்தையும் சேர்த்து மாற்றி எழுதும். நடுவில் ஏதாவது கோளாறானால் இரண்டும் போய்விடும்.

4. மெனுவைப் புதுப்பிக்க:

சூடோ ஸ்பேஸ் அப்டேட் ஹைபன் க்ரப்

5. டிஸ்க் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க 'சிங்க்' என்று அடித்து என்டர். எழுத்துகள் எஸ், ஒய், என், சி. கர்சர் திரும்பி வந்ததும் மறுபடி பூட் ஃபோல்டரின் அளவுகளைப் பாருங்கள். இரண்டு இனிட்ஆர்டியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் ரீஸ்டார்ட் செய்யலாம்.

பூட் பகுதி நிரம்பியிருந்தால் மேலே உள்ள எதுவும் முடியாது, இடமில்லை என்று நின்றுவிடும். முதலில் இது:

சூடோ ஸ்பேஸ் ஏபிடி ஸ்பேஸ் ஆட்டோரிமூவ் ஸ்பேஸ் ஹைபன் ஹைபன் பர்ஜ்

தேவையற்ற பழைய கெர்னல்களைக் கணக்குப் பார்த்து நீக்கும். சரி என்று சொல்வதற்கு முன் நீக்கப்போகும் பட்டியலை வாசியுங்கள். நீங்கள் வட்டம் போட்ட எண் அதில் இருந்தால் 'என்' தட்டி வெளியே வந்துவிடுங்கள். ஃபைல் மேனேஜரில் பூட் ஃபோல்டரைத் திறந்து கையால் அழிக்காதீர்கள். சிஸ்டத்தின் கணக்குப் புத்தகத்தில் கெர்னல் இருக்கும், டிஸ்கில் இருக்காது. அடுத்த ஒவ்வொரு அப்டேட்டும் தகராறு செய்யும்.

திரையில் வேறு ஏதாவது நின்றால்

*அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று நிற்கிறது.* டிஸ்கின் கணக்கு குழம்பியிருக்கிறது. கரண்ட் போய்ப்போய் வரும் இடங்களில் இது சகஜம். 'எக்ஸிட்' என்று அடித்து என்டர் தட்டுங்கள். எந்தப் பகுதி கெட்டிருக்கிறது என்று அதுவே பெயர் சொல்லும், உதாரணத்துக்கு சாய்கோடு தேவ் சாய்கோடு எஸ்டிஏ2. அந்தப் பெயரை வைத்து:

எஃப்எஸ்சிகே ஸ்பேஸ் ஹைபன் ஒய் ஸ்பேஸ் அந்தப் பெயர்

முடிந்ததும் 'ரீபூட்'. ஆனால் திரையில் ஐ/ஓ எரர் என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், அல்லது டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால், இந்தக் கட்டளையை ஓட்ட வேண்டாம். டிஸ்க் சாகும் நிலையில் இருக்கிறது. நேராகப் படி 4-க்குப் போய் முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்.

*எழுந்த மாதிரி இருக்கிறது, திரை மட்டும் கருப்பு.* தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்களுக்கு, குறிப்பாக என்விடியாவுக்கு, வரும் தொல்லை. புதிய கெர்னலுக்கேற்ப டிரைவர் கட்டப்படவில்லை. க்ரப் மெனுவில் புதிய கெர்னல் மேல் நின்று 'இ' தட்டுங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய் ஒரு ஸ்பேஸ் விட்டு 'நோமோட்செட்' என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். எழுத்துகள் என், ஓ, எம், ஓ, டி, இ, எஸ், இ, டி. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். எழுந்த பிறகு டிரைவரைப் புதிதாகப் போட வேண்டும். வைஃபையும் போயிருந்தால் செல்போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமலே நெட் வரும்.

*ஷிம், எஸ்பேட், செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்று காட்டி அணைந்துவிடுகிறது.* விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கம்ப்யூட்டர்களில் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் பலருக்கு இப்படிச் செய்தது. கெர்னலுக்கு இதில் பங்கில்லை. பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்தால் லினக்ஸ் எழும். எழுந்ததும் லினக்ஸ் அப்டேட்டுகள் முழுவதையும் போட்டுவிட்டு, செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்து பாருங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் ஓடுகிறது என்றால் செக்யூர் பூட்டைத் தொடுமுன் அதன் ரிக்கவரி கீயைக் கையில் வைத்திருங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் பக்கம் பூட்டிக்கொள்ளும்.

படி 4: லைவ் பென் டிரைவ்

க்ரப் மெனுவே வரவில்லை, அல்லது எந்தக் கெர்னலும் எழவில்லை என்றால் வெளியிலிருந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அதற்கு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு எழுதிய பென் டிரைவ் ஒன்று வேண்டும், 8 ஜிபி போதும். மின்ட் சுமார் 3 ஜிபி, உபுண்டு அதைவிடப் பெரியது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் செல்போன் பேக்கை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் எழாத அன்று இதை இறக்க உட்கார்ந்தால் நடக்காது. வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலை ஊர்களில் இருப்பவர்கள், தருமபுரிக்கோ அரூருக்கோ வரும் நாளில் நல்ல நெட் உள்ள இடத்தில் ஒன்றை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா குறைவு என்றால் டெபியனின் நெட் இன்ஸ்டால் வடிவம் 1 ஜிபிக்குள் முடியும். அதில் ரெஸ்க்யூ மோட் இருக்கிறது, கெர்னல் பழுதுக்கு அதுவே போதும்.

1. பென் டிரைவைச் செருகி ஆன் செய்து, பூட் மெனுவில் (எஃப்9, எஃப்11 அல்லது எஃப்12) அதைத் தேர்ந்தெடுங்கள். திரையில் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' ஐகான் பக்கம் மவுஸைக் கொண்டுபோகவே வேண்டாம். இந்த அத்தியாயத்திலேயே ஆபத்தான இடம் அதுதான்.

2. வேறு எதையும் செய்வதற்கு முன் ஃபைல் மேனேஜரில் உங்கள் டிஸ்கைத் திறந்து, ஹோம் ஃபோல்டருக்குள் உள்ளதை இன்னொரு பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ நகலெடுங்கள். கடை நடத்துபவர்கள் கவனிக்க: வாடிக்கையாளர்களின் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பென் டிரைவிலிருந்து அவற்றை அழித்துவிடுங்கள்.

3. டெர்மினலில் 'எல்எஸ்பிஎல்கே ஸ்பேஸ் ஹைபன் எஃப்' என்று அடியுங்கள். இஎக்ஸ்டி4 என்று எதிரில் போட்டிருக்கும் பெரிய பகுதிதான் உங்கள் லினக்ஸ். விஃபேட் என்றிருக்கும் சிறிய பகுதி இஎஃப்ஐ. இங்கே எஸ்டிஏ2, எஸ்டிஏ1 என்று வைத்துச் சொல்கிறேன். உங்களுடையது வேறாக இருந்தால் அதைப் போடுங்கள்.

4. டிஸ்கை இணையுங்கள்:

சூடோ ஸ்பேஸ் மவுன்ட் ஸ்பேஸ் சாய்கோடு தேவ் சாய்கோடு எஸ்டிஏ2 ஸ்பேஸ் சாய்கோடு எம்என்டி

மவுன்ட்டை எம், ஓ, யு, என், டி என்று அடிக்க வேண்டும். பூட் தனிப் பகுதியாக இருந்தால் அதை இதே போல சாய்கோடு எம்என்டி சாய்கோடு பூட் என்ற இடத்தில் இணையுங்கள். இதை மறந்தால் புதிய சாவிக்கொத்து தவறான இடத்தில் எழுதப்பட்டு, எல்லாம் சரியாகச் செய்தும் கம்ப்யூட்டர் எழாது. இஎஃப்ஐ இருந்தால் எஸ்டிஏ1-ஐ சாய்கோடு எம்என்டி சாய்கோடு பூட் சாய்கோடு இஎஃப்ஐ-யில்.

5. தேவ், ப்ராக், சிஸ், ரன் ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாக உள்ளே கொடுங்கள். எழுத்துகள்: டி, இ, வி; பி, ஆர், ஓ, சி; எஸ், ஒய், எஸ்; ஆர், யு, என். தேவுக்கான வரி:

சூடோ ஸ்பேஸ் மவுன்ட் ஸ்பேஸ் ஹைபன் ஹைபன் பைண்ட் ஸ்பேஸ் சாய்கோடு தேவ் ஸ்பேஸ் சாய்கோடு எம்என்டி சாய்கோடு தேவ்

மற்ற மூன்றுக்கும் தேவ் என்ற இடத்தில் மட்டும் பெயர் மாறும்.

6. சூடோ ஸ்பேஸ் சிஹெச்ரூட் ஸ்பேஸ் சாய்கோடு எம்என்டி. (ரூட் என்பது ஆர், ஓ, ஓ, டி.) இப்போது பென் டிரைவிலிருந்து எழுந்திருந்தாலும் உங்கள் சொந்த லினக்ஸுக்குள் நிற்கிறீர்கள். படி 3-இல் உள்ள கட்டளைகளை சூடோ இல்லாமல் அதே வரிசையில் அடியுங்கள்.

7. 'எக்ஸிட்', பிறகு 'ரீபூட்'. பென் டிரைவைக் கழற்றச் சொல்லும்போது கழற்றுங்கள்.

திரும்ப வராமல் இருக்க

மெனு எப்போதும் ஐந்து விநாடி தெரியும்படி வைத்துக்கொண்டால், அடுத்த முறை எஸ்கேப் விசையோடு போராட வேண்டாம். சாய்கோடு ஈடிசி சாய்கோடு டிஃபால்ட் சாய்கோடு க்ரப் என்ற ஃபைலில் டைம்அவுட் ஸ்டைல் என்ற வரியில் 'ஹிடன்' என்பதை 'மெனு' என்றும், டைம்அவுட் என்ற வரியில் எண்ணை 5 என்றும் மாற்றி, அப்டேட் க்ரப் கட்டளையை ஓட்டுங்கள்.

அப்டேட்டைக் கடை சாத்தும் அவசரத்தில் போடாதீர்கள். காலையில், கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில், யுபிஎஸ்ஸுடன் போடுங்கள். முடிந்ததும் 'சிங்க்'. டெஸ்க்டாப்புக்குச் சிறிய யுபிஎஸ் ஆடம்பரம் இல்லை. பத்து நிமிடம் தாங்கினாலே ஒரு கெர்னல் நிறுவல் முடிந்துவிடும். லினக்ஸ் மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறது, அதை ஆன் செய்து வாரம் ஒரு பிரதி எடுக்கும்படி வையுங்கள். அது சிஸ்டத்துக்கான காப்பு. உங்கள் ஃபைல்களுக்குத் தனியாக இன்னொரு டிஸ்கில் நகல் வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட கெர்னல் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒத்துவரவே இல்லை என்று உறுதியானால் அடுத்தது வரும்வரை கெர்னல் அப்டேட்டை நிறுத்தி வைக்கலாம்:

சூடோ ஸ்பேஸ் ஏபிடி ஹைபன் மார்க் ஸ்பேஸ் ஹோல்ட் ஸ்பேஸ் லினக்ஸ் ஹைபன் இமேஜ் ஹைபன் ஜெனரிக்

லினக்ஸ் ஹைபன் ஜெனரிக், லினக்ஸ் ஹைபன் ஹெடர்ஸ் ஹைபன் ஜெனரிக் இரண்டுக்கும் இதையே செய்யுங்கள். இது உபுண்டு, மின்ட்டுக்கான பெயர். நிறுத்திய தேதியைக் காலண்டரில் குறித்து, ஒரு மாதத்துக்குள் 'ஹோல்ட்' என்ற இடத்தில் 'அன்ஹோல்ட்' போட்டு எடுத்துவிடுங்கள். பாதுகாப்பு அப்டேட்டே வராமல் கம்ப்யூட்டரை நெட்டில் விட்டுவைப்பது, குறிப்பாகப் பிறர் ஆவணங்கள் இருக்கும் கடைக் கம்ப்யூட்டரை, சரியில்லை.

புதிய கெர்னலில் எழுந்த பிறகு பழையதை நீக்க அவசரப்பட வேண்டாம். பிரின்டர், ஸ்கேனர், வைஃபை, சத்தம், மூடியை மூடித் திறப்பது என ஒவ்வொன்றையும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடினால் யுநேம் கட்டளையை மறுபடி அடித்து, வரும் புதிய எண்ணைத் தாளில் பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதி, அந்தத் தாளைக் கம்ப்யூட்டர் மேசையிலேயே ஒட்டிவையுங்கள்.